தட்டுப்போர் இருந்தால் பருத்திக்கு விலை: கரிசக்காட்டில் சோளமும் பருத்தியும் மாற்றி வைக்கும் முறை

கொங்கு நாட்டு மேட்டுக்காட்டில் ஒரு காலத்தில் இரண்டே கணக்குதான். சோளமும் கம்பும் வீட்டுக்கு, பருத்தி வெளிக்கு. நிலத் தீர்வை கட்டவும் கல்யாணம் செய்யவும் கிணறு வெட்டவும் பணம் பருத்தியில் வந்தது. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் சுடுமண் தக்களிகள் கிடைத்திருப்பதால், இந்த ஊரில் நூல் நூற்பது நேற்று வந்த வேலை இல்லை என்பது தெளிவு. ஆனால் எங்கோ நடப்பது இங்கே பருத்தி விலையை ஆட்டிவைக்கத் தொடங்கியது 1860களில். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு நின்றது. அதே சமயத்தில் சென்னையிலிருந்து ரயில் பாதை சேலம், ஈரோடு வழியாகப் போத்தனூரைத் தொட்டது. பருத்தி விலை ஏறியது. 1865இல் போர் முடிந்ததும் இறங்கியது. பத்து வருஷம் கழித்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது காப்பாற்றியது நிலத்துக்குள் குழி வெட்டிச் சேர்த்துவைத்த சோளம்தான்.

இன்றைக்கும் அந்தக் கணக்கில் பாதி செல்லும். ரேஷன் அரிசி வந்த பிறகு சோளம் இல்லாமல் யாரும் பட்டினி கிடப்பதில்லை. ஆனால் கட்டுத்தரையில் மாடு இருக்கிறது. தட்டு, அதாவது காய்ந்த சோளத் தாள், இல்லாதவர் மாசி, பங்குனியில் தீவனத்துக்குப் பணம் தேடுவார். பருத்தி பறிப்பு நடக்கும் மாதமும் அதுவே. பறித்த பருத்தியை அந்த வாரமே வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருக்கும். தட்டைப் போராக அடுக்கி வைத்தவர் பருத்தியை இரண்டு மாதம் நிறுத்தி விற்கலாம். அதனால் இந்த முறையில் முதலில் சோளத்துக்கு இடம் ஒதுக்கி, மீதியில்தான் பருத்தி.

எவ்வளவு காடு, எந்த வரிசையில்

காட்டை மூன்றாகப் பிரிக்கவும். 6 ஏக்கர் என்றால் ஒவ்வொன்றும் 2 ஏக்கர். ஒரு பங்கில் பருத்தி, அடுத்ததில் சோளம், மூன்றாவதில் கொண்டைக்கடலை அல்லது கொள்ளு. வருஷா வருஷம் சுற்றி வரவேண்டும்: பருத்தி இருந்த இடத்தில் சோளம், சோளம் இருந்த இடத்தில் பயறு, பயறு இருந்த இடத்தில் பருத்தி.

இந்த வரிசையை மாற்றக் கூடாது. சோளம் அறுத்த காட்டில் அடுத்த வருஷமே பருத்தி போட்டால், முதல் 40 நாள் செடி வெளிறி, வளராமல் நிற்கும். சோளக் கட்டையிலும் வேரிலும் கரிச்சத்து அதிகம், தழைச்சத்து குறைவு. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வதால் இளஞ்செடிக்கு மிச்சம் இருக்காது. நடுவில் ஒரு பயறு வந்தால் கட்டையும் மக்கிவிடும், தழைச்சத்தும் கொஞ்சம் சேரும். பயறு போட வழியே இல்லை என்றால், சோளம் அறுத்ததும் கட்டையைப் பிடுங்கிக் காட்டை விட்டு வெளியே எடுக்கவும். ஆள்கூலி ஆகும்தான். ஆனால் ரோட்டவேட்டரில் அடித்து உள்ளே புதைத்தால் மேலே சொன்ன கோளாறு கூடத்தான் செய்யும்.

2 ஏக்கர் சோளம் எதற்கு என்று கேட்கலாம். மானாவாரியில் மழை சுமாராக இருந்தாலே ஏக்கருக்கு 600 முதல் 800 கிலோ தானியமும், 2 முதல் 2.5 டன் காய்ந்த தட்டும் வரும். ஒரு காங்கேயம் மாட்டுக்கு நாளுக்கு 6 முதல் 7 கிலோ தட்டு வேண்டும். இரண்டு மாட்டுக்கு வருஷத்துக்கு 4.5 டன்னிலிருந்து 5 டன் வரை. 2 ஏக்கர் தட்டு சரியாக அதற்குத்தான் ஆகும். மூன்றாவது மாடு கட்டுவதாக இருந்தால் பருத்திக் காட்டைக் குறைக்க வேண்டும்.

இதெல்லாம் பல்லடம், உடுமலைப் பக்கத்து ஆழமான கரிசலுக்கு. காங்கேயம், தாராபுரம் செவக்காட்டில் மண்ணின் ஆழம் ஓர் அடிக்குள் முடிந்துவிடும். தை மாதத்துக்கு மேல் ஈரம் நிற்காது. அங்கே மானாவாரிப் பருத்தியை விட்டுவிட்டுக் கொறங்காட்டில் (வேலி அடைத்த மேய்ச்சல் காடு) கொழுக்கட்டைப்புல் வளர்ப்பதே மேல். மண்ணின் ஆழம் தெரிய வேண்டுமானால் மழைக்கு முன் ஒரு குழி வெட்டிப் பார்க்கவும். மூன்றடிக்குள் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) தட்டாமல் இருந்தால் பருத்தி வைக்கலாம்.

உழவும் விதைப்பும்

சித்திரை, வைகாசியில் கோடை மழை ஒன்று கிடைத்ததும் உழுதுவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உளிக் கலப்பை, மற்ற வருஷங்களில் ஐந்து கொத்துக் கலப்பை போதும். ஆவணியில் ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் இறைத்து, 8 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் சிறு வரப்பு கட்டிப் பாத்தியாக்கினால் விழுகிற மழை அங்கங்கே நிற்கும். கொங்கில் வருஷ மழையே 600, 700 மில்லிமீட்டர்தான். அதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சேர்ந்து கொட்டிவிடுகிறது. அதை ஓடவிட்டால் மறுபடி கிடைக்காது.

புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி தொடக்கத்திலோ விதைப்பு மழை வரும். ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடவும். பிடிக்கவே வராமல் உதிர்ந்தால் ஈரம் போதாது. விழுந்தும் அப்படியே அப்பிக் கிடந்தால் சேறு, இரண்டு நாள் பொறுக்க வேண்டும். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் அன்றைக்கே விதைக்கலாம்.

சோள விதை ஏக்கருக்கு 6 கிலோ. 2 லிட்டர் தண்ணீரில் 40 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, அதில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தினால் விதைத்த பின் 10 நாள் மழை தள்ளிப்போனாலும் தாக்குப்பிடிக்கும். சாலுக்குச் சால் (விதைப்பு வரிசை) இடைவெளி 45 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ., ஆழம் 3 முதல் 4 செ.மீ. மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பதாக இருந்தால் 5 செ.மீ. ஆழம் போகவேண்டும். மேலாக விழுந்த விதை சிறு தூறலுக்கே முளைத்துக் கருகிவிடும். அடியுரமாக ஏக்கருக்கு டி.ஏ.பி. 17 கிலோவும் யூரியா 28 கிலோவும் சாலிலேயே விழும்படி போடவும்.

பருத்தியில் மானாவாரிக் கரிசலுக்கு ஏற்றது கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் கே 11 போன்ற ரகங்கள் அந்த வழியில் வந்தவை. பஞ்சு ஒட்டிய விதையாக ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ. அப்படியே போட்டால் விதைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விதைக்கும் குழலில் இறங்காது. சாணிக் கரைசலில் செம்மண் கலந்து, விதையைக் கோணிமேல் கொட்டிக் கையால் தேய்த்து நிழலில் உலர்த்தினால் உதிரி உதிரியாகும். இடைவெளி சோளத்துக்குச் சொன்ன அதே 45க்கு 15. இரண்டு சால் பருத்திக்கு ஒரு சால் உளுந்தோ கொத்தமல்லியோ போடலாம். உளுந்து 70 நாளில் வெளியேறிவிடும், பருத்தி விரிவது அதன் பிறகுதான். சோளத்தை மட்டும் பருத்திக்குள் சாலாகப் போடக் கூடாது, நிழலடித்துச் சப்பை (பூ மொட்டு) உதிர்ந்துவிடும்.

விதைத்த மூன்றாம் நாள் கனமழை அடித்து வெயில் காய்ந்தால் மேல்மண் ஓடு கட்டும். முளை வளைந்து அடியிலேயே அழுகும். அதற்குப் பழைய மருந்து வேலம் முள் கட்டு. நாலைந்து கிளையைச் சேர்த்துக் கட்டி, மேலே ஒரு சின்னக் கல் வைத்து, சாலுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்தால் ஓடு உடையும், முளைக்குக் காயம் வராது.

சோளத்தில் கவனிக்க வேண்டியவை

முதல் 30 நாள் குருத்து ஈயின் காலம். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் அழுகிய நாற்றத்தோடு கையோடு வந்துவிடும். விதைப்பு தள்ளிப்போகப் போகத் தாக்குதல் கூடும். அதனால் பக்கத்துக் காட்டுக்காரர் விதைத்த வாரத்திலேயே நீங்களும் விதைக்க வேண்டும். கடைசியாக விதைத்தவர் காட்டில்தான் ஊர் ஈ எல்லாம் சேரும். செடி களைப்பதை (நெருக்கமாக நிற்கும் செடியைப் பிடுங்குவதை) 18ஆம் நாள் வரை தள்ளிவைத்து, அடிபட்டதை முதலில் பிடுங்கினால் எண்ணிக்கை குறையாது. கரிப்பூட்டை (மணி கரித்தூளாகும் பூஞ்சண நோய்) வந்த வருஷத்து விதை என்றால் கிலோவுக்கு 4 கிராம் கந்தகத்தூள் கலந்து விதைக்கவும். சோள வேரில் ஒட்டி வளரும் சுடுமல்லிக் களை தலைகாட்டினால் பூப்பதற்குள் பிடுங்கிவிட வேண்டும். அதன் விதை தூள்போல இருக்கும், மண்ணில் பல வருஷம் உறங்கும்.

பூக்கும் முன் பச்சைச் சோளத்தில், முக்கியமாக வறட்சியில் வாடியதிலும் அறுத்த கட்டையில் கிளைத்த தளிரிலும், சயனைடு நஞ்சு உண்டு. அவிழ்த்துக்கொண்டு போன மாடு கால் மணி நேரம் மேய்ந்தால் போதும், விழுந்துவிடும். காய்ந்த தட்டில் இந்தப் பயம் இல்லை.

அறுவடைக்குக் கதிரின் நடுவிலிருந்து ஒரு மணியை எடுத்து, காம்போடு ஒட்டியிருந்த அடிப்பக்கத்தைப் பார்க்கவும். கருப்பாக ஒரு பொட்டு விழுந்திருந்தால் மணி முற்றிவிட்டது. அதற்கு மேல் நிறுத்துவதால் எடை கூடாது, தட்டின் பச்சை மட்டும் போகும். கதிரைக் களத்தில் நாலு நாள் காயவிட்டு அடிக்கவும். தட்டைக் கட்டி, நிறுத்திவைத்துக் காயவிட்டுப் போர் போடவும். ஈரத்தோடு அடுக்கிய தட்டில் பூஞ்சணம் பிடிக்கும், மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கிவிடும்.

தானியத்தை வைப்பது

கோயமுத்தூர்ச் சீமையில் சோளத்தை நிலத்துக்குள் குழி வெட்டி வைத்தார்கள். சுற்றிலும் அடியிலும் தட்டும் வைக்கோலும் கொடுத்து, வாய் வரை நிரப்பி, மண் போட்டு மூடினார்கள். உள்ளே தானியமும் வண்டும் மூச்சு விட்டு விட்டே பிராணவாயு தீர்ந்து, கரியமிலவாயு நிறைந்து, வண்டு செத்துப்போகும். குழியைத் திறந்த உடனே இறங்கினால் ஆளுக்கும் அதே கதி. திறந்துபோட்டு வெகுநேரம் கழித்து, விளக்கை இறக்கி அது அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்குவது வழக்கம். குழிச்சோளம் சாப்பாட்டுக்கு ஆகும், விதைக்கு ஆகாது. உள்ளே சூடும் ஈரமும் ஏறி முளைப்பு செத்திருக்கும்.

இன்றைக்குக் குழி வேண்டாம், தத்துவம் போதும். ரப்பர் வளையம் உள்ள மூடியோடு 200 லிட்டர் பிளாஸ்டிக் பேரல் ஒன்றில் 140 முதல் 150 கிலோ சோளம் பிடிக்கும். காற்றுப் புகாத உறைப்பையும் கிடைக்கிறது. இரண்டிலும் விதி ஒன்றுதான்: வாய் வரை நிரப்பவும். பாதி நிரப்பினால் மேலே உள்ள காற்றே வண்டுக்கு மாதக்கணக்கில் போதும். உள்ளே மெழுகுவத்தி ஏற்றி மூடினால் காற்று தீர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மெழுகுவத்தி அணையும்போதும் உள்ளே பிராணவாயு முக்கால் பங்குக்கு மேல் மிச்சம் இருக்கும், வண்டு சுகமாக வாழும்.

அடைக்கும் முன் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டர் இல்லாவிட்டால் உப்புச் சோதனை போதும். காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கைப்பிடி சோளமும் வெயிலில் காயவைத்த ஒரு ஸ்பூன் தூள் உப்பும் போட்டு, மூடி ஒரு நிமிஷம் குலுக்கவும். கால் மணி நேரம் கழித்துப் பாட்டில் சுவரில் உப்பு ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் இன்னும் ஒரு நாள் வெயில் கொடுத்து, பல்லில் கடித்து 'டக்'கென்று உடைகிறதா என்று பார்த்துவிட்டு, சூடு ஆறியதும் அடைக்கவும். சூட்டோடு அடைத்தால் இரவில் மூடியின் உட்பக்கம் வியர்த்து மேல் அடுக்கு முழுக்கப் பூஞ்சணமாகும். வேப்பிலை, நொச்சியிலை போடுவதில் தப்பில்லை. ஆனால் ஈரச் சோளத்தை எந்த இலையும் காப்பாற்றாது.

பருத்தி: பறிப்பிலிருந்து ஏலம் வரை

20ஆம் நாளுக்குள் செடி களைத்து, இரண்டு முறை கொத்திவிட வேண்டும். கரிசல் காயக் காய வெடிக்கும், வெடிப்பு வேரை அறுக்கும், ஈரத்தையும் வெளியே விடும். மேல் இரண்டு அங்குலம் புழுதியாக இருந்தால் வெடிப்பு ஆழமாகாது. கருங்கண்ணியில் இலைச்சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி பெரிய தொந்தரவு இல்லை. காய்ப்புழு உண்டு. சிவப்புப் பருத்திப் பூச்சி வெடித்த காயில் கறை ஏற்றும்.

சுமார் 110ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு பறிப்பு. காலையில் தொடங்கிப் பத்து, பதினொரு மணிக்குள் நிறுத்தவும். பனி ஈரத்தில் காயைச் சுற்றிய பூவடிச் செதில் நொறுங்காமல் வளையும். வெயில் ஏறியபின் நொறுங்கிப் பருத்தியோடு வரும், அதைப் பிறகு எடுக்க யாராலும் ஆகாது. நன்றாக மலர்ந்த காயை மட்டும் எடுக்கவும். கறை, புழு, அரைவெடிப்பு எல்லாம் தனி மடியில். சந்தையில் 'கொட்டு' என்று தனி விலை போவது இதுதான். பத்துக் கிலோ கொட்டு கலந்தால் குவிண்டால் முழுக்கக் கொட்டு விலைக்கு இறங்கும்.

மடிக்குத் துணிப்பையே வேண்டும். உரச் சாக்கில் பறித்தால் அதன் பிளாஸ்டிக் இழை பஞ்சோடு நூலுக்குள் போகும். அதில் சாயம் ஏறாது. திருப்பூரில் சாயம் போட்ட பனியன் துணியில் வெள்ளைக் கோடாகத் தெரிந்து துணியே கழிவாகும். ஆலைக்காரர் இதைப் பருத்தியிலேயே பார்த்து விலையைக் குறைக்கிறார். எடைக்காகத் தண்ணீர் தெளிப்பதும் வீண். 12 சதவீத ஈரத்துக்கு மேல் இந்தியப் பருத்திக் கழகம் எடுப்பதில்லை. அம்பாரத்தில் சூடேறி மஞ்சளடித்தால் வியாபாரியும் எடுக்கமாட்டார்.

விலை கேட்கும் முன் உங்கள் கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும். செய்தியில் வரும் பஞ்சு விலை கண்டிக்கு. ஒரு கண்டி 355.62 கிலோ பஞ்சு. உதாரணத்துக்குக் கண்டி 56,000 ரூபாய் என்று வைத்தால் பஞ்சு கிலோ 157 ரூபாய் 50 காசு. 100 கிலோ பருத்தியை அரைத்துக் கொட்டையைப் பிரித்தால் 34 கிலோ பஞ்சும் 64 கிலோ கொட்டையும் வரும், 2 கிலோ கழிவு. பஞ்சு 5,355 ரூபாய். கொட்டை கிலோ 30 என்றால் 1,920. ஆக 7,275. அரவைக் கூலி, லாரி வாடகை, வியாபாரி லாபம் கழித்தது உங்களுக்கு வரவேண்டிய விலை. இது நீண்ட இழை ரகத்துக்கு. கருங்கண்ணியின் இழை குட்டை, ஆலைக்காரர் கண்டி விலையைக் கொடுக்கமாட்டார். கைத்தறிக்கும் இயற்கைச் சாயத் துணிக்கும் வாங்குகிறவர்களை விதைக்கும் முன்பே பேசிவைத்துக்கொள்ளவும். இதைச் செய்யாமல் கருங்கண்ணி போட்டவர்கள்தான் நாட்டுப் பருத்தியைத் திட்டுகிறார்கள்.

விதைப்பில் கடன் கொடுத்து, பறிப்பில் பருத்தியைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் பழையது. எடையிலும் கழிவிலும் போனது தனி. அதை ஒழுங்குபடுத்தத்தான் 1933இல் சென்னை மாகாண வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. அதன்படி 1936இல் திருப்பூரில் பருத்திக்கு ஒழுங்குமுறைச் சந்தை தொடங்கியது. இப்போது மூலனூர் விற்பனைக்கூடம், அவினாசி, திருச்செங்கோடு கூட்டுறவுச் சங்கங்கள், கொங்கணாபுரம் என்று பல இடத்தில் ஏலம் நடக்கிறது. விலை படியாவிட்டால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். வட்டியும் வரம்பும் மாறும், நேரில் கேட்டுக்கொள்ளவும்.

மாரும் விதையும்

கடைசிப் பறிப்பு முடிந்ததும் ஆட்டுப்பட்டி போட்டு மிஞ்சிய காயை மேயவிட்டு, ஆடிக்கு முன் மாரை, அதாவது காய்ந்த பருத்திச் செடியை, வேரோடு பிடுங்கிவிட வேண்டும். கோயமுத்தூர் மாவட்டத்தில் கிணற்றுத் தோட்டங்களில் கம்போடியா என்ற ரகப் பருத்தி பரவியபோது தண்டுக் கூன்வண்டும் காய்ப்புழுவும் பெருகின. 1919ஆம் வருஷத்துப் பூச்சி, நோய்ச் சட்டத்தின் கீழ் குறித்த தேதிக்குள் மாரைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். காரணம் இன்றும் அதேதான்: இளஞ்சிவப்புக் காய்ப்புழு காய்ந்த காயிலும் கொட்டையிலும் அடுத்த பட்டம் வரை உறங்கும். விறகுக்கென்று மாரைக் காட்டோரம் அடுக்கினால் ஐப்பசியில் அதுவே காட்டுக்குள் வரும். தூளாக்கி மக்கவிடவும்.

விதைக்கு இரண்டாம், மூன்றாம் பறிப்பிலிருந்து நல்ல காயாக எடுத்துத் தனியாக அரைக்கவும். பெரிய ஜின்னிங் (அரவை) ஆலையில் கொடுத்தால் முந்தைய ஆளின் கொட்டை கலந்துவிடும், கொட்டை பிரிக்கும் சிறு கைமணையோ சின்ன இயந்திரமோ போதும். பக்கத்துக் காட்டில் மரபணு மாற்றிய பி.டி. பருத்தி இருப்பதற்காகப் பயப்பட வேண்டாம். அதற்குக் குரோமோசோம் 52, கருங்கண்ணிக்கு 26. இரண்டும் எளிதில் கூடாது, தப்பிக் கூடினாலும் அந்தச் செடி மலடு. விதையைத் துணிப்பையில் கட்டிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடவும். சோளத்துக்குச் சொன்ன பேரல் இதற்கு வேண்டாம்.